அண்ணி கட்டிய நீலப் பை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீயும், மாப்பிள்ளையும், வயிற்றுக்குள்ளிருந்து உன்னை உதைத்துக்கொண்டிருக்கும் நம் குட்டியும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையில் என்னென்ன வைக்கணும்மா என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதோடு உன் அண்ணிக்குக் குழந்தை பிறந்த கதையையும் முழுசாகச் சொல்ல வேண்டும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதமே நான் அண்ணிக்குப் பெட்டி கட்டிவிட்டேன். முப்பது வருஷம் தபால் ஆபீசில் பார்சல் பார்த்தவள், எனக்கா சொல்லித்தர வேண்டும்? நைட்டி, துண்டு, பிளாஸ்க், குழந்தைக்குப் பத்துச் சட்டை, கிண்ணம், கரண்டி, சின்னதாக ஒரு வாளி. வாளியைப் பார்த்துவிட்டு உன் அப்பா, "பிரசவத்துக்குப் போறோமா, வீடு மாத்துறோமா?" என்றார். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றிச் சணலால் முடிச்சுப் போட்டு வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அலமாரியில் என் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பை. கேட்டதற்கு, "சும்மா ரெண்டு மூணு சாமான் அத்தே" என்று சிரிக்கிறாள் அண்ணி. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் அல்லவா, எதிலும் சீட்டு ஒட்டினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். எனக்குச் சுருக்கென்றது. நான் கட்டியது போதாதாமா? ஒரு வாரம் அவளோடு அளந்துதான் பேசினேன். உன் அண்ணன் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு லிப்ட் ரிப்பேர் வேலைக்கு ஓடிவிடுவான்.

போன செவ்வாய்க்கிழமை, டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே, காலை பத்து மணிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. அப்பா என் பெட்டி, அவள் பை இரண்டையும் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு டாக்சியில் ஏறினார். ஆஸ்பத்திரியில், குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணன் இன்னும் வந்து சேரவில்லை. கதவு மூடும்வரை அவள் என் கையை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்து, "பாப்பாவுக்குத் துணி குடுங்கம்மா, சீக்கிரம்" என்றாள். என் பெட்டியைத் திறந்தால் நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. அப்பா பல்லால் கடித்துப் பார்த்தார். நர்ஸ் பொறுமை இழந்து, "அந்த நீலப் பைய திறங்க" என்றாள். திறந்தேன். ஒவ்வொரு கவரிலும் சீட்டு. மேலாகவே 'பாப்பாவுக்கு, முதலில்' என்று இருந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதற்கடியில் இன்னொரு கவர், 'அத்தைக்கு' என்று.

உள்ளே ஒரு ஜோடி காலுறை, என் பிரஷர் மாத்திரை இரண்டு நாளைக்கு, பிஸ்கட், ஒரு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த பழைய கண்ணாடி, அதுவும் ஆடிய காதுக்கம்பியைச் சரிசெய்து. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "வெளியில ஏசி ரொம்பக் குளிரும் அத்தே. சாப்பிடாம உக்காந்திருக்காதீங்க." அந்த ஒரு வாரம் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தது நினைவுக்கு வந்து கூனிக்குறுகிப் போனேன். காலுறையை மாட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை, இரண்டு கிலோ அறுநூறு. தாயும் பிள்ளையும் நலம். சாயங்காலம் கண் விழித்ததும் அண்ணி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாத்திர போட்டீங்களா?" என்பதுதான். போட்டேன் கண்ணு என்றேன். பொய்தான். உடனே வெளியே வந்து போட்டுக்கொண்டேன்.

ஆகவே நீ மருத்துவச் சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் மேலாக வை. எதிலும் முடிச்சுப் போடாதே. வாளி வேண்டாம். உன் மாமியார் அடுத்த வாரம் அங்கே வருகிறாராமே, அந்த அம்மாவும் ஒரு பையைக் கட்டிக்கொண்டுதான் வந்து இறங்குவார். சிரித்த முகமாக வாங்கி வை. அவருக்குக் கால் அளவு என்ன என்று மட்டும் பேச்சுவாக்கில் கேட்டுக்கொள்.

நல்லபடியாகப் பெற்று, நிறைந்த கையோடு வீடு திரும்ப அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே.

உன் பிரியமுள்ள,
அம்மா