சோப்பு போட்டுக் கழுவிய படம்

தி. நகர், சென்னை-17
12.8.1996

அன்பு மகள் தீபிகாவுக்கு அப்பா எழுதுவது. திருச்செந்தூரான் புண்ணியத்தில் நீ ஜெர்மனியில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது தாயி. என்னை ஏதோ கடைக்காரர் என்று நினைத்து அண்ணாச்சி என்று கூப்பிடுகிறாள். உன் அண்ணன் மகேஷ் பக்கத்தில் போனால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள். ஆனால் நீ கிளம்பும் முன் வரைந்து கூடத்தில் மாட்டினாயே, போஸ்ட் கார்டு அளவில் ஒரு படம், கறுப்பு வட்டமும் குறுக்கே சிவப்புக் கோடுமாக, எங்கள் யாருக்கும் இன்னதென்று பிடிபடவில்லையே, அது அவளுக்கு மட்டும் புரிந்தது. என் தையல் மிஷின் சக்கரம் என்றாள். அந்தக் கோடு பெல்ட்டாம், மூலையில் இருந்த வெள்ளைப் பொட்டு பாபினாம். நீ அவளிடம் சொல்லியிருந்தாயா? அதை எதிரே வைத்தால்தான் நாலு வாய் சாப்பிடுவாள், கால் தானாக மிஷின் மிதிக்கிற மாதிரி ஆடும்.

போன வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போயிருந்த நேரம், எண்ணெய்க் கறை போகவில்லை என்று அதைச் சட்டத்திலிருந்து உருவி, குழாயடியில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள். நான் வரும்போது அவள் கையில் வெறும் ஈரத் தாள். அன்றிலிருந்து என் மிஷினை எவன் தூக்கிட்டுப் போனான் என்று வீடெல்லாம் தேடுகிறாள், சோறு இறங்கவில்லை. நிஜ மிஷினைப் பரணிலிருந்து இறக்கி வைத்தோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாண்டி பஜாரில் கலர் வாங்கி நானே ஒன்று வரைந்தேன். இது இல்ல அண்ணாச்சி, வேற காட்டுங்க என்று தள்ளிவிட்டாள். இப்படியே போனால் மூக்கில் டியூப் போட வேண்டியதுதான் என்கிறார் டாக்டர். உன்னிடம் பேச உஸ்மான் ரோடு பூத்துக்குப் போனேன், நீ ஹலோ என்றதும் அழுகை வந்து போனை வைத்துவிட்டேன். அது நான்தான் தாயி, பயந்துவிடாதே.

படிப்பை விட்டுவிட்டு வா என்று சொல்ல மனசில்லை, வராதே என்று சொல்லத் தெம்பில்லை. அதே படத்தை அதே அளவில், தண்ணீர் பட்டாலும் கரையாத கலரில் வரைந்து உடனே அனுப்பு. மடங்காமல் இருக்க அட்டை வைத்து, ரிஜிஸ்டர் தபாலில் போடு, மறந்துவிடாதே. முடிந்தால் நீயே கொண்டு வா. உன் கைக்கு ஒரு குறையும் வராமல் முருகன் காக்கட்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது யாருக்கு என்று கேட்டாள். நம்ம மக தீபிகாவுக்கு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, யாரு பெத்த புள்ளையோ, சாப்பிட்டாளானு கேட்டு எழுதுங்க அண்ணாச்சி என்றாள்.

சாப்பிட்டாயா தாயி?

உன் அப்பா,
கணேசமூர்த்தி