சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

என் மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதுதான் இந்த வீட்டுக்கு இப்போது வரும் ஒரே நல்ல செய்தி. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்தபாடில்லை. தன் செருப்பில் கால் நுழையாததால் என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். 'கடைசியில உங்க செருப்பாவது என் பேச்சைக் கேக்குது' என்கிறாள். வாய் மட்டும் வீங்கவில்லை. அது பழையபடியே இருக்கிறது.

நீ நம் ஆழ்குழாய்த் தண்ணீரைப் பரிசோதித்துச் சொல்லும்வரை, யுரேனியம் என்றால் வெடிக்கிற சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். நிறமில்லாமல், வாசனையில்லாமல் தம்ளரில் வந்து உட்கார்ந்து சிறுநீரகத்தை அரிக்கும் என்று யார் சொன்னார்கள்? நம் ஊர் யுரேனியச் சுரங்க அலுவலகத்துக்குப் போனேன். 'பெரியவரே, அது இயற்கையாவே மண்ணுல இருக்கறதுதான்' என்றார் அதிகாரி. அவர்கள் சுரங்கக் கழிவுக்குக் குட்டை வெட்டியபிறகுதான் அந்த இயற்கை எங்கள் தெருவுக்கு வழி கண்டுபிடித்ததா என்று கேட்டேன். அவர் குடிக்க வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்றும் கேட்டேன். 'நல்லா தமாஷ் பண்றீங்க' என்று சொல்லி, மேஜையிலிருந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தார். தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு நான் கொடுத்த மனு அந்த மேஜையில்தான் கிடக்கிறது. அடுத்த வாரமும் போவேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தாகம் எடுக்கட்டும்.

வீட்டை விட்டுவிட்டு உன்னிடம் வந்துவிடச் சொல்கிறாய். குட்டை வெட்டியவன் போகட்டும். நான் எதற்குப் போக வேண்டும்?

இனி நீ எழுதிய அந்த விஷயம். 'அம்மாகிட்ட உண்மையைச் சொல்லுங்க, இல்லேன்னா நான் வந்து சொல்றேன்' என்று எழுதியிருக்கிறாய். சொல்லக் கூடாது.

நீ சின்னவளாக இருந்தபோது தெரு முழுக்க மஞ்சள் காமாலை வந்தது உனக்கு நினைவிருக்காது. காய்ச்சிக் குடியுங்கள் என்று சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகச் சொன்னார். மற்றவர்கள் ஒரு கொதியில் இறக்கினார்கள். உன் அம்மா பாதியாகச் சுண்டும்வரை விடமாட்டாள். 'தண்ணியைக் காய்ச்சச் சொன்னா இவ கஷாயம் வைக்கிறா' என்று பக்கத்து வீட்டுத் தையல்காரி கேலி செய்வாள். நீ அந்த நோய் வராமல் தப்பினாய். அன்றிலிருந்து அவளுக்கு அடுப்பின் மேலிருக்கும் அந்தப் பாத்திரம்தான் சாமி.

காய்ச்சினால் கிருமி சாகும், யுரேனியம் சாகாது என்று நீ எழுதியிருக்கிறாய். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், அது மட்டும் பாத்திரத்திலேயே தங்கி இன்னும் செறிவாகும் என்கிறாய். அவள் சுண்டச் சுண்ட விஷமும் ஏறியிருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. போன மாதம் அம்மாவின் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது என்று சொன்ன சுரங்க ஆஸ்பத்திரி டாக்டர், 'தண்ணி காய்ச்சித்தானே குடிக்கறீங்க?' என்று கேட்டார். 'சுண்டக் காய்ச்சி, டாக்டர்' என்றாள் அம்மா பெருமையாக. அவர் சபாஷ் என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்ணைத் தோண்டியவன் காதில் உண்மை ஏறவில்லை. மனு வாங்கியவன் காதிலும் ஏறவில்லை. அந்த உண்மையைத் தூக்கிக்கொண்டுவந்து, அடுப்படியில் நின்று வெந்தவள் தலையில்தான் இறக்க வேண்டுமா?

நீ சொன்ன ஆர்.ஓ. மெஷினை வாங்கி மாட்டிவிட்டேன். உப்புத் தண்ணீர் பாத்திரத்தைக் கெடுக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். 'செத்த தண்ணி, ருசியே இல்லை' என்று அவள் அதைத் தொடுவதில்லை. அதனால் அவள் எழுந்திருப்பதற்கு முன்பே அடுப்புப் பாத்திரத்தைக் காலிசெய்து, மெஷின் தண்ணீரால் நிரப்பி வைக்கிறேன். அதைத்தான் அவள் காய்ச்சுகிறாள். சமையலுக்கும் அதுவே. மெஷின் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு விடுவதில்லை, சாக்கடைக்குத்தான். போன சிறுநீரகம் திரும்பாது. மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று நீதானே எழுதினாய்.

குழந்தையோடு வா. பால் கரைக்க மெஷின் தண்ணீர்தான். குளிப்பாட்ட ஆழ்குழாய்த் தண்ணீர் போதும், வாயில் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. குட்டைப் பக்கமிருந்து காற்றடித்தால் புழுதி வருகிறது. அதனால் செருப்பை வெளியே விட்டு, தரையை ஈரத்துணியால் துடைக்கிறேன். குழந்தை மண்ணை அள்ளி வாயில் வைக்காமல் நீதான் பார்க்க வேண்டும். இந்தத் தண்ணீரில் வளர்ந்தவள் நீயும். ஒருமுறை சிறுநீரகப் பரிசோதனை செய்துகொள். மாப்பிள்ளையிடம் காரணத்தைச் சொல்லிவிடு. அவரிடம் மறைக்க வேண்டாம்.

நேற்று ஒன்று நடந்தது. அம்மா தண்ணீரை முதல் கொதியிலேயே இறக்கிவிட்டாள். அவளாகவே 'கேஸ் என்ன சும்மாவா வருது?' என்றாள். பிறகு உன் குழந்தைக்கென்று வாங்கிய சின்னத் தம்ளரைக் கழுவி, அடுப்பு மேடையில் வைக்காமல், மெஷின் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். நான் செய்தித்தாளில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எப்படியோ புரிந்துகொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நீயும் பேசாதே.

நீயும் உன் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். வாசலில் நுழைந்ததும் அம்மா உனக்குத் தண்ணீர் கொண்டுவருவாள். கொஞ்சமும் யோசிக்காமல் வாங்கிக் குடித்துவிடு, மகளே. அவள் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா