வாய்க்காலில் விட்டது

இன்று காலை சேலத்தில் மகள் வீட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். கொடியில் வரிசையாகப் பூப்போட்ட சின்னச் சின்னத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி வைத்து, பட்டன் தைத்திருந்தது. குழந்தையின் கழுத்துத் துண்டு என்று நினைத்து மடித்து எடுத்து வந்தேன். மகள் சிரித்துவிட்டாள். "அம்மா, அது எனக்கு. இனிமே மாசா மாசம் குப்பையில போட வேண்டாம். துவைச்சு, வெயில்ல போட்டு, திரும்பத் திரும்ப வெச்சுக்கலாம். இப்ப நிறையப் பேரு இதுக்கு மாறிட்டு இருக்காங்க" என்றாள். உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்தவள் மாதிரி முகம். எனக்கு உன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. நீ இருந்திருந்தால் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "எல்லாஞ் செரி, இதுக்கு எதுக்கு புள்ள பட்டன்?" என்று கேட்டிருப்பாய்.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரே சொல்லத் தைரியம் இருந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். சுற்றி வளைத்துத்தான் வருவேன், என் குணம் உனக்குத் தெரியும்.

மலைமேல் செம்மநத்தம் போகும் வழியில் அந்தக் காப்பி எஸ்டேட்டுக்கு நான் கல்யாணமாகி வந்தது எண்பத்தைந்தோ எண்பத்தாறோ. என் வீட்டுக்காரர் பல்ப்பர் ஓட்டுகிறவர். பறித்து வரும் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற அந்த மெஷினை அவரைத் தவிர வேறு யாருக்கும் சரியாக ஓட்டத் தெரியாது. நான் பத்தாவது பாஸ். பழம் பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். நீ பக்கத்து வீடு. பழம் பறிக்கிறவள், என்னைவிட இரண்டு வயது பெரியவள், பள்ளிக்கூடம் பார்க்காதவள். டவுனில் வளர்ந்த திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைனில் இருபது வீடு, ஒரு பைப், கக்கூஸ் கிடையாது. மாதவிலக்குத் துணியைப் பெண்கள் இருட்டோடு துவைத்து, விறகு அடுக்குக்குப் பின்னால், பாவாடைக்கு அடியில், ஆண் கண் படாத மூலை பார்த்து ஒளித்துவைப்பார்கள். கார்த்திகை, மார்கழியில் பட்டப்பகலிலேயே பனிப்புகையாக மஞ்சு வந்து வாசலில் நிற்கும். அந்த மூலைகளில் துணி எங்கே காயும்? ஈரத்தோடு எடுத்துக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் பழம் பறிப்பார்கள். தொடை உரிந்துபோய்க் காலை அகட்டி அகட்டி நடப்பார்கள். கேட்டால் அட்டை கடித்துவிட்டது என்பார்கள்.

நீ ஒருத்திதான் உன் துணியைக் கொய்யா மரத்தில், வெயில் அடிக்கும் பக்கமாகப் பார்த்து விரித்துப்போடுவாய். முந்தின வருஷம் உனக்குப் புண் ஆறாமல் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாயாம். நல்ல பருத்தித் துணி, சோப்புப் போட்டு அலசு, உச்சி வெயிலில் காயவை என்று அங்கே நர்ஸம்மா சொல்லி அனுப்பினார்களாம். நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். லைனில் உன்னை வெட்கங்கெட்டவள் என்று பேசாத வாய் இல்லை. என் வாயும் அதில் சேர்த்திதான். நீ ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வெயிலு படாத துணிதான் புள்ள தீட்டு. மத்ததெல்லாம் வெறும் பேச்சு" என்பாய்.

எனக்கு ஒளிக்கவும் பிடிக்கவில்லை, உன் மாதிரி ஊர் பார்க்க விரிக்கவும் மனம் வரவில்லை. சேலம் போனபோது கடையில் பஞ்சு நாப்கின் பாக்கெட் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, துணிப்பைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். எனக்கு இரண்டு, உனக்கு ஒன்று. நாகரிகம் என்றால் என்னவென்று உனக்குக் காட்டிக்கொடுக்கிற பெருமை. நீ ஒன்றை விரலால் அமுக்கிப் பார்த்தாய். "நல்லா மெத்துன்னுதான் இருக்குது. முடிஞ்சப்பறம் இத எங்க போடுவ?" என்று கேட்டாய். "உனக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி" என்று வெடுக்கென்று சொன்னேன். பாக்கெட்டை உன் தகரப்பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தாய். பிரிக்கவே இல்லை.

உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. எரித்தால் கர்ப்பப்பை வெந்துபோகும் என்று என் மாமியார் சொல்லியிருந்தாள். எனக்கு அப்போது குழந்தை இல்லை, அந்தப் பேச்சுக்கு நடுங்குவேன். புதைத்தால் நாய் தோண்டிக் கொண்டுவந்து வாசலில் போடும். குழந்தைகள் கொட்டகைக்குப் பின்னால் ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிட்ட வாய்க்கால் ஓடியது. ஓடுகிற தண்ணீரில் தீட்டு நிற்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். காகிதத்தோடு சுருட்டி விட்டேன். அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாதா? பல்ப்பர் வீட்டுக்குத்தான் போகிறது. போகிற வழியில் காகிதம் மாதிரி கரைந்துவிடும் என்று நினைத்தேன், பத்தாவது படித்தவள். அது தண்ணீர் குடித்துத் தலையணை மாதிரி ஊதும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

வாய்க்கால் முனையில் இருந்த சல்லடையை அது அடைத்துக்கொண்டது. பழம் மலையாகக் குவிந்திருந்த சாயங்காலம் பல்ப்பருக்குத் தண்ணீர் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் என் வீட்டுக்காரர்தான் தண்ணீரில் இறங்கி, சல்லடையில் கைவிட்டு இழுத்தார். சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அடுப்புச் சாம்பலை அள்ளிக் கையைத் தேய்த்தார். மூன்று தடவை தேய்த்தார். "எந்த மூதேவி வேலைன்னு தெரியட்டும்" என்றார். நான் சோறு போட்டேன். அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தொடாமல் எழுந்துபோய்விட்டார்.

பழம் புளித்தது ஒரு பக்கம். அந்த வாய்க்கால் முனியப்பன் கல்லை ஒட்டிப் போகிறது. தீட்டுத் தண்ணீர் சாமியைத் தொட்டுவிட்டது, செய்தவளைக் கண்டுபிடித்துக் குடும்பத்தோடு வெளியே அனுப்பும்வரை பழத்தைத் தொடமாட்டோம் என்று ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரியின் சம்சாரம் வீடு வீடாக விசாரித்தாள். கொட்டகைக்கும் வந்து என்னிடம் கேட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் நான்கு பெண்களோடு நேரே உன் வீட்டுக்குப் போய், உன் தகரப்பெட்டியைத் திறந்து, சேலைக்கு அடியில் கைவிட்டு அந்தப் பாக்கெட்டை எடுத்தாள்.

எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் உன்னை ஆபீஸ் வாசலில் நிறுத்தினார். பிரிக்காத பாக்கெட்டைக் கையால் தொடாமல், குச்சியால் தள்ளிக் காட்டினார். "இது பிரிக்காம இருக்குதுங்களே" என்றாய். "இது ஒண்ணு பிரிக்கல. பிரிச்சது எங்கே போச்சு?" என்றார். சாயங்காலம் எடை போடும் நேரத்தில் எல்லாரையும் தராசு முன்னால் கூட்டி முடிவு. வேறு யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் நீயும் உன் வீட்டுக்காரரும் லைன் வீட்டைக் காலி செய்யவேண்டும். உங்களுக்குப் போக இடம் கிடையாது. உன் மாமனார் வேலை செய்த எஸ்டேட், அந்த ஒற்றை அறைதான் உங்களுக்கு ஊரும் வீடும். அது லைனில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மத்தியானம் நீ கொட்டகைக்கு வந்தாய். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அழுதிருப்பாய் என்று நினைத்தேன், உன் கண் காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன், நீ உட்காரவில்லை.

"நீயா சொல்றயா, நாஞ் சொல்லட்டுமா?" என்றாய்.

"என்னத்த?"

"நடிக்காத புள்ள. எனக்கு நேரமில்ல."

என் வீட்டுக்காரர் என்னைக் கொன்றுபோடுவார் என்றேன். கையைத் தேய்த்துத் தேய்த்து அவர் தோல் உரிந்ததைச் சொன்னேன். எனக்காகப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்றுகூடக் கேட்டேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"உனக்காவ நொம்பப் பொறுப்பேன். ஆனா ஊட்ட உட்டுத் தர முடியாது. எங்க ஊட்டுக்காரரு போயி எந்த எஸ்டேட்டுக் கேட்டுல நின்னு வேல கேப்பாரு? நான் ஒண்ணும் சாமி இல்ல." வாசல்வரை போய்த் திரும்பிச் சொன்னாய்: "நீ சொல்லு. சொல்றப்ப நான் பக்கத்துல நிப்பேன். சொல்லலைன்னா நானே உம்பேரச் சொல்லுவேன். அப்பவும் பக்கத்துலதான் நிப்பேன்."

உன்னை அப்போது வெறுத்தேன். மனசாரச் சொல்கிறேன், அந்த மத்தியானம் நீ செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் தராசுக்கு முன்னால் லைன் மொத்தமும் நின்றது. மஞ்சு இறங்கி ஆட்களின் கால் தெரியவில்லை. ரைட்டர் உன் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். நீ என் பக்கத்தில் வந்து நின்றாய், உன் தோள் என் தோளில் இடித்தது. நீ மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. பேசப்போகிறாய் என்று தெரிந்தது. அதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"ஏனுங்க, அது என்னுதுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் பல்ப்பர் வீட்டுப் படியில் நின்றிருந்தார், அவர் பக்கம் நான் பார்க்கவில்லை. ஆரம்பித்த பிறகு நிறுத்தவும் தெரியவில்லை. எரிக்கப் பயமாக இருந்தது, புதைத்தால் நாய் எடுக்கிறது, போட இடம் இல்லை, தண்ணீரில் விட்டேன் என்று மளமளவென்று கொட்டினேன். ரைட்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "சரிம்மா, சரிம்மா, போதும்" என்று தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது நீ சொன்னாய்: "போதும்னா எப்படிங்க? எங்க போடறதுன்னு சொல்லிப் போடுங்க. இருவது ஊட்டுப் பொம்பளைங்களும் கேட்டுக்கறோம்."

எங்களை அனுப்பவில்லை. சீசன் நடுவில் பல்ப்பர் ஓட்ட வேறு ஆள் இல்லையே. முனியப்பனுக்குப் பூசை போட்டு, வாய்க்காலை நான் முழுக்கத் தூர் வாரவேண்டும் என்று முடித்தார்கள். இது முன்பே எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். நான் ஒத்துக்கொண்டால் எனக்கு அவமானம் மட்டும்தான். நீ மாட்டியிருந்தால் அன்றே மூட்டை கட்ட வைத்திருப்பார்கள்.

தூர் வாரும்போது நீயும் மண்வெட்டியோடு வந்தாய். யாரும் கூப்பிடவில்லை. மதியத்தில் உன் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்து, எட்டாக மடித்து, ஓரம் தைத்துக் காட்டினாய். எதை எதோடு சேர்த்து அலசவேண்டும், எவ்வளவு நேரம் வெயிலில் கிடக்கவேண்டும் என்று சொன்னாய். அடுத்த மாதம் கொய்யா மரத்தில் உன் துணிக்குப் பக்கத்தில் என் துணியைப் போட்டபோது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அதுவரை என்னோடு பேசவில்லை. ஒரு நாள் கொட்டகையில் இருந்தபோது திடீரென்று மஞ்சு கட்டிக்கொண்டது, துணி நனைந்துவிடுமே என்று ஓடினேன். அவர் மரத்தடியில் நின்று தன் சட்டையை எடுப்பது போலவே என் துணியையும் கிளையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். "காஞ்சிருச்சு" என்றார். ஒரு மாதம் கழித்து அவர் என்னிடம் முதலில் பேசியது அதுதான். அடுத்த வருஷத்துக்குள் அந்த மரத்தில் இடம் பிடிக்கப் பெண்களுக்குள் சண்டை வந்ததே, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

இனிமேல்தான் சொல்லவேண்டியது.

பல வருஷம் கழித்து, நீங்கள் கரடியூருக்குக் குடிபோன பிறகு, ஒரு தடவை ஒன்றாக பஸ்ஸில் அடிவாரம் இறங்கினோம். வளைவில் பஸ் திரும்பும்போது நீ ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாய்: "அன்னைக்கு எம் பெட்டியில பாக்கெட் இருக்கறத மேஸ்திரி ஊட்டம்மாகிட்ட யாரு புள்ள சொல்லியிருப்பா?" வளைவில் குமட்டுகிற மாதிரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "தெரியலயே" என்றேன். "தெரியலன்னா உடு" என்றாய். கையில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை என்னிடம் கொடுத்து மோந்துகொள்ளச் சொன்னாய். அடிவாரம் வரும்வரை என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாய்.

அந்தப் பாக்கெட் உன்னிடம் இருந்தது நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. மேஸ்திரி சம்சாரம் கொட்டகைக்கு வந்து, "நீ படிச்ச புள்ள, உனக்கு எதாச்சும் தெரியுமா கண்ணு?" என்றபோது, அவள் பார்வை மீதி நாப்கின் இருந்த என் பையின் மேல் போனது. நான் உன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். "அவ பெட்டியில பாருங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ வீட்டை இழப்பாய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

உனக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துதான் மத்தியானம் வந்து நின்றாய், தெரிந்துதான் மண்வெட்டி எடுத்தாய், வேட்டியைக் கிழித்தாய். பஸ்ஸில் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டுக் காத்திருந்தாய். நான் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லைன் மொத்தமும் பார்க்க, புருஷன் பார்க்க, அது என்னுது என்று என்னால் சொல்ல முடிந்தது. இதை உன் ஒருத்தியிடம் சொல்ல முப்பது வருஷம் போதவில்லை. நான்தான் சொன்னேன், புள்ள. உன்னைக் காட்டிக்கொடுத்தது நான்தான்.