கோழி நனையவில்லை

கிங்ஸ்பரி
03.02.2025

றெஜினோல்ட்,

இவ்வளவு நாள் பேசாமல் இருந்தது போதும். நவம்பர் கடைசியில் அந்த அறிக்கை என் கைக்கு வந்தது. நீ அனுப்பிய கிறிஸ்மஸ் கார்டுக்கு நான் பதில் போடாததன் காரணம் அதுதான். நலம் விசாரிக்கும் வரிகளையும் இந்தக் கடிதத்தில் தேடாதே.

சவுத்தால் றென்சி அண்ணையை உனக்கு மறந்திருக்காது. பஸ் டிப்போவில் துப்புரவு வேலை செய்துவிட்டு வந்து, காலைக் கூடக் கழுவாமல், தென் சூடானிலும் கொங்கோவிலும் பேசும் தன் சாண்டே மொழியை நமக்குச் சொல்லித்தந்தவர். சாண்டே போன்ற உபாங்கி மொழிகள் படிக்க அந்த வருடம் நம் வகுப்பில் இருந்தது இரண்டே பேர், இரண்டு பேரும் யாழ்ப்பாணத்து அகதிகள் என்று பேராசிரியர் சிரித்தாரே, அந்தக் காலம்.

அவருடைய தங்கை மகன் ஜஸ்ரின் இங்கே அகதி விண்ணப்பம் போட்டிருந்தான். தென் சூடானில் யாம்பியோ அவன் ஊர். சண்டையில் எல்லை தாண்டி, கொங்கோவில் ஒரு முகாமில் ஏழு வருடம் இருந்தவன். அவன் பேச்சைப் பதிவுசெய்து, பேச்சை வைத்து ஊரைச் சொல்லும் ஒரு கம்பனிக்கு அனுப்பினார்கள். 'இவர் யாம்பியோவைச் சேர்ந்தவர் அல்ல, கொங்கோக்காரராக இருக்கவே சாத்தியம் அதிகம்' என்று அறிக்கை வந்தது. விண்ணப்பம் தள்ளுபடி. அறிக்கையின் கீழே பெயர் இல்லை. 'ஆய்வாளர் 47' என்று மட்டும் இருந்தது.

நான்காம் பக்கத்தில் அந்த 47, யாம்பியோ மனிதர் எப்படிப் பேசுவார் என்று காட்ட ஒரு வாக்கியம் தருகிறார். தமிழில் சொன்னால்: மச்சான் கோழியோடு ஆற்றைக் கடந்தான், கோழி நனையவில்லை, மச்சான் நனைந்தான்.

இந்த வாக்கியம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மனிதனுக்கு ஒரு சொல், மிருகத்துக்கு வேறொரு சொல் என்று நமக்கு விளங்கவைக்க, 1996இல் அண்ணை தன் கட்டிலில் இருந்தபடி உண்டாக்கியது. "ஏன் அண்ணை கோழி நனையேல்லை?" என்று நீதான் கேட்டாய். "அவன் அதைத் தலையிலை வைச்சிருந்தவன், மடையா!" என்றார். உலகத்தில் அதை அறிந்தவர்கள் மூன்று பேர். நான் எழுதவில்லை. அண்ணைக்கு எழுதத் தெரியாது.

என் தம்பி ஜெயரூபனுக்கும் இதேதான் நடந்தது. மண்டபம் முகாமில் ஆறு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவன், அகதி விசாரணையில் 'ஓம்' என்பதற்குப் பதிலாக 'ஆமா' என்றான். இந்தியன் என்று எவனோ எழுதினான். சென்னைக்கு ஏற்றினார்கள். எங்கள் ஆள் இல்லை என்று அங்கிருந்து கொழும்புக்கு ஏற்றினார்கள். 2001 சித்திரைக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அன்று என் வீட்டுச் சமையலறையில் நின்று, "செத்தாலும் இந்த வேலை செய்யமாட்டன் மச்சான்" என்று அழுதவன் நீ.

மார்ச் பன்னிரண்டாம் திகதி ஜஸ்ரினின் மேன்முறையீடு. அதற்குள் அறிக்கையை உன் பெயர் போட்டுத் திரும்பப் பெறு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

குகநாதன்

---

இல்ஃபோர்ட்
11.02.2025

அன்புள்ள குகன்,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முப்பது வருடத்தில் நீ 'மச்சான்' என்று தொடங்காத முதல் கடிதம் இது.

ஓம், 47 நான்தான். உன்னிடம் மறைத்துப் பயனில்லை. ஆனால் எனக்கு ஆள் தெரியாது, பெயர் தெரியாது. பத்தொன்பது நிமிட ஒலிப்பதிவு ஒன்று மட்டுமே தந்தார்கள். அதில் அவன் நிமிடத்துக்கு நாலு தரம் கொங்கோச் சொற்களைப் போடுகிறான். காதில் விழுந்ததை எழுதினேன். அவன் றென்சி அண்ணையின் மருமகன் என்று அறிந்திருந்தால் அந்தப் பதிவை வாங்கியே இருக்கமாட்டேன்.

ஜெயரூபனை நான் மறக்கவில்லை. அரைகுறைகள் இந்த வேலையைச் செய்வதால்தானே அவனுக்கு அப்படி நடந்தது, முறையாகப் படித்தவன் செய்தால் பிழை குறையும் என்று நினைத்துத்தான் இதில் இறங்கினேன். நம்பினால் நம்பு.

திரும்பப் பெற ஏலாது, குகன். ஒன்றைத் திரும்பப் பெற்றால் இதுவரை நான் எழுதிய அறுபதையும் கிண்டுவார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தெரியவரும். கட்டிய மனைவி டொலறஸுக்குக்கூட இந்த வேலையைப் பற்றித் தெரியாது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. இது ஜஸ்ரினுக்காகவா, அல்லது 2003இல் அந்த விரிவுரையாளர் பதவி உனக்குக் கிடைக்காமல் எனக்குக் கிடைத்ததற்காகவா?

உன்
றெஜி

---

கிங்ஸ்பரி
19.02.2025

றெஜினோல்ட்,

இரண்டுக்காகவும்தான். தம்பியைத் தேடி அலைந்த வருடத்தில் நான் ஆய்வை விட்டேன். அந்த வருடத்தில் நீ உன் ஆய்வை முடித்தாய். நான் பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கமா போடச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பதவி உன்னிடம் இருப்பது இருபத்திரண்டு வருடமாக எனக்குக் கசக்கிறது. கசப்பு இருப்பதால் நான் சொல்வது பொய்யாகிவிடாது.

அறுபது என்று எழுதியிருக்கிறாய். நான் ஒன்றென்று நினைத்திருந்தேன்.

இந்தக் கடிதத்தோடு டொலறஸிடம் தரப்போகும் பொதியில் இருப்பது கறிக்கல்ல. உன் பெயரைச் சொன்னதும் றென்சி அண்ணை எழுந்து சமையலறைக்குப் போனார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு கோழிச் செட்டையை எடுத்தார். அவர் சாண்டேயில் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்.

"இதைக் கொண்டுபோய் அவனுக்கு முன்னாலை வை. கேள்வி ஒண்டும் கேக்காதை."

"அண்ணை, இது சூப்பர்மார்க்கெட் கோழி."

"கோழிக்குத் தெரியுமே தான் எங்கை செத்தது எண்டு? கொண்டு போ."

வழக்கம் உனக்குத் தெரியும். உன் ஆய்வில் ஒரு அதிகாரமே அதுதானே. ஒருவர் தனக்குத் தீங்கு நினைக்கிறார் என்று பட்டால், சாண்டேக்காரர் சண்டைக்குப் போவதில்லை. குறி கேட்டபோது செத்த கோழியின் செட்டையை அவர் முன் வைப்பார்கள். அவர் வாயில் தண்ணீர் எடுத்து அதன்மேல் ஊதி, 'என் வயிற்றில் பகை இருந்தால் அது எனக்குத் தெரியாது, இப்போது ஆறட்டும்' என்பார். ஊதியவரைப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது.

அண்ணையின் சொல்லைத் தட்டாமல், மடியில் செட்டையோடு லண்டனைக் குறுக்கே கடந்து வருகிறேன். என் கேள்வி அப்படியே இருக்கிறது. பன்னிரண்டாம் திகதிக்கு முன்.

குகநாதன்

---

இல்ஃபோர்ட்
02.03.2025

அன்புள்ள மச்சான்,

டொலறஸ் மஞ்சளும் உப்பும் பிரட்டிவிட்டாள். நல்லவேளையாகச் சட்டியில் போடமுன் வந்துவிட்டேன். "உங்கடை சிநேகிதர் ஒரு செட்டை காவிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தவரே? அவருக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டாள். அவள் கோயிலுக்குப் போனபிறகு, சமையலறைத் தொட்டிக்குள் செட்டையை வைத்துத் தண்ணீர் ஊதினேன். இந்த வழக்கத்தைப் பற்றி எத்தனையோ தரம் வகுப்பு எடுத்திருக்கிறேன். அன்று சொற்கள் வாயில் வர நேரம் எடுத்தது. சொன்னேன். அண்ணையிடம் சொல்லிவிடு.

அறிக்கையைத் திரும்பப் பெறும் துணிவு எனக்கில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன். ஜஸ்ரினுக்காக நீ எதிர் அறிக்கை எழுது. படித்தவர்களில் உன்னைவிட அந்த ஊர்ப் பேச்சுத் தெரிந்தவர் இந்த நாட்டில் இல்லை, நீ எழுதினால் அவன் வெல்வான். ஆனால் நாலாம் பக்கத்து வாக்கியத்தைத் தொடாதே. அதைத் தொட்டால் 47 யார் என்று சொல்லவேண்டி வரும். அது இல்லாமலே உன்னால் வெல்ல முடியும். முப்பது வருடத்துக்காக இதை மட்டும் கேட்கிறேன்.

உன்
றெஜி

---

20.03.2025

ஜஸ்ரின் வென்றுவிட்டான்.

நான் எதிர் அறிக்கை எழுதினேன். சாட்சியும் சொன்னேன். அவன் ஏன் கொங்கோச் சொற்களைப் போட்டான் என்று கேட்டார்கள். அவனே பதில் சொன்னான்: "வந்த மொழிபெயர்ப்பாளர் கொங்கோ அண்ணன். அவருக்கு விளங்கிற மாதிரிக் கதைக்காட்டி மரியாதை இல்லைத்தானே." நீயும் நானும் சவுத்தால் கடைகளில் இந்தியத் தமிழரோடு எப்படிப் பேசுகிறோம்? ஜெயரூபன் வேறென்ன செய்தான்? பத்தொன்பது நிமிடத்தில் இது உன் காதில் விழவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நீ சொன்னது சரிதான், அந்த வாக்கியம் இல்லாமலே வென்றிருப்போம். என் அறிக்கை பதினொரு பக்கம். பன்னிரண்டாவதாக ஒரு பக்கம் சேர்த்து, வாக்கியத்தை அதில் வைத்தேன். அதை உண்டாக்கியவர் யார், எந்த வருடம், யார் யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களில் இன்று பல்கலைக்கழகத்தில் இருப்பவர் யார் என்று முழுப்பெயரோடு எழுதினேன். கீழே என் முழுப்பெயரைப் போட்டு, தகப்பன் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். அன்று மாலையே ஜஸ்ரினின் சட்டத்தரணி உன் அறுபது அறிக்கைகளையும் கேட்டு எழுதிவிட்டார். அந்தக் கடிதம் உன் மேசைக்கு இன்னும் வராவிட்டால் இந்தக் கிழமை வரும்.

றென்சி அண்ணை எனக்குக் கதவு திறக்கவில்லை. உள்ளே நின்றபடி சொன்னார்: "அவன் தண்ணி ஊதினவன். ஊதினவனிலை நீ கை வைச்சிட்டாய். இனி இஞ்சை வராதை." பிறகு ஜஸ்ரின் மட்டும் வெளியே வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனான்.

அண்ணை சொன்னது அவர்களுடைய நியாயம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் நான் சாண்டேக்காரன் இல்லை. என் தம்பியைப் பற்றி எழுதியவன் பெயரைத் தேடி இருபத்து நான்கு வருடம் திரிந்தேன். அவனுக்கும் ஒரு எண்தான் இருந்தது. அவன் கிடைக்கவில்லை. நீ கிடைத்தாய். இதில் அநியாயம் இருக்கிறது என்று தெரிந்துதான் செய்தேன். திரும்பச் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

அந்த அறுபது பேரில் எத்தனை பேரை எங்கே இறக்கிவிட்டார்கள் என்று இனி நீ தேடு. எனக்குத் தேடித் தேடிப் பழகிவிட்டது. உனக்கு இது புதிது.

இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் உன் பெயரை எழுதவில்லை, கவனித்திருப்பாய். முடிவில் எழுத வேண்டியதையும் யோசித்துப் பார்த்தேன். 'உன் குகன்' என்று எழுதக் கை வரவில்லை. 'குகநாதன்' என்றாலும் அது கடிதம் எழுதிக்கொள்ளும் இரண்டு பேருக்கு நடுவில் உள்ள வழக்கம். பெயர் வேண்டிய இடத்தில் என் பெயர் இருக்கிறது.

யார் எழுதியது என்று யாராவது உன்னைக் கேட்டால், அடையாளத்துக்கு ஒரு வாக்கியம் தருகிறேன். மச்சான் கோழியோடு ஆற்றைக் கடந்தான். கோழி நனையவில்லை, மச்சான் நனைந்தான்.

கையெழுத்து இல்லாமலே இதைத் தபாலில் போடப்போகிறேன்.