மெலேக்குச் சொல்லாத சொல்

1987 நவம்பர் 9, திங்கள்

காலையில் மழை, பிறகு பனித்தூறல். மல்வேர்ன் பஸ் இருபது நிமிடம் லேட். ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டேன். எதுதான் என் கையில் நின்றது.

முதியோர் இல்லத்து லோண்டரியில் வேலை. கட்டில் விரிப்புகள் மலைமலையாக. மறுமுனை பிடிப்பவள் மெலே, பசிபிக் கடலில் தொங்கா என்ற தீவுக்காரி. "மாலோ ஏ லேலேய்." அவர்களுடைய வணக்கம். ஒரு வருடமாக அதைச் சொல்லித்தான் முதல் விரிப்பை உதறுகிறோம்.

இன்று சொன்னாள், ஆனால் சிரிக்கவில்லை. விசா முடிகிறதாம். வெள்ளி பின்னேரம் பிளேன். இனி இங்கே வரமாட்டாள்.

வாங்க: பால், மைசூர்ப் பருப்பு, கையுறை. மெலேக்கு ஏதாவது.

நவ. 11, புதன்

வெயில். வெயிலுக்குள் குளிர்.

சாப்பாட்டு நேரத்தில் மெலே விளக்கினாள். பிரியும்போது போகிறவர் இருப்பவரிடம் "நோஃபோ ஆ" என்பாராம். இரு என்று அர்த்தம். இருப்பவர் போகிறவரிடம் "அலு ஆ". போ என்று அர்த்தம். இரண்டும் சொன்னால்தான் அவளுக்கு மனம் ஆறுமாம். வெள்ளிக்கிழமை நீ எனக்குச் சொல்ல வேண்டும் என்றாள். பெரிய கெட்டிக்காரி போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் இவரிடம் கேட்டேன்.

"போ எண்டு எப்பிடியப்பா சொல்லுறது? போட்டு வா எண்டெல்லோ சொல்லோணும்."

"அதுகளின்ரை பாஷையிலை அது நல்ல சொல்லுத்தானே. சொல்லிவிடுமன்."

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் போட்டார். அவருக்கும் தெரியும்.

எண்பத்தைந்தில், ஊரில், தம்பி சைக்கிளோடு வாசலில் நின்று, போட்டு வாறன் அக்கா என்றான். ஏதோ அற்பச் சண்டை, எதற்கென்றுகூட நினைவில்லை. "போ, போய்த் துலை" என்றேன். சந்தியில் ஆமி சுற்றிவளைத்து ரவுண்டப். அவனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் இன்றுவரை விடவில்லை, இருக்கிறானா என்றும் தெரியாது. அதற்குப் பிறகு பூனையைக்கூட நான் போ என்று விரட்டியதில்லை.

நவ. 13, வெள்ளி

பனி, கணுக்கால் வரை. மெலேக்கு வாங்கிய கம்பளி ஸ்காஃபைப் பார்சல் கட்டிய பிறகுதான் அவளுடைய ஊரில் குளிரே இல்லை என்பது உறைத்தது. என் புத்தி.

காலையில் பாத்ரூமில் சொல்லிப் பழகினேன். அலு ஆ. அலு ஆ. நன்றாகத்தான் வந்தது.

மத்தியானம் பஸ் நிறுத்தம். ஒரே ஒரு பெட்டி. கட்டிப்பிடித்து "நோஃபோ ஆ" என்றாள். பிறகு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் தமிழ்தான் வந்தது.

"போட்டு வா மெலே. போட்டு வா."

அவளுக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் ஏறியும் படியிலேயே நின்றாள். ட்ரைவர் உள்ளே போகச் சொன்னார். கதவு மூடிவிட்டது.

நவ. 16, திங்கள்

வானம் மப்பு. மறுமுனைக்குப் புதுப் பெண். ஹாய் என்றாள், ஹாய் என்றேன். விரிப்பைக் கோணலாக மடிக்கிறாள். பரவாயில்லை.

தம்பிக்கு அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மெலேக்குச் சொல்லியிருக்க வேண்டும்.