இடப்பக்கம் முறுக்கிய நூல்

ஜூன் 4, செவ்வாய்
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். அவள் பிரசவத்துக்காக டியோனிசியா அத்தை நெய்த கம்பளி விரிப்பு இன்று தறியிலிருந்து இறங்கியது. பூச்சிச் சாயத்தின் சிவப்பு. பாதி நூல், நான் மலையில் அல்பாக்கா மேய்க்கும்போது அவற்றின் மயிரிலிருந்து நூற்றது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, உடனே விரித்துப் படுத்துவிட்டாள்.

ஜூன் 5
"கீழருந்து யாரோ காத்து ஊதுற மாதிரி இருக்குடி," என்றாள் அம்மா.
விரிப்பின்மேல் கையை வைத்துப் பார்த்தேன். ஊதுகிறது.

ஜூன் 6
குழந்தை காலையிலிருந்து அசையவில்லை.

ஜூன் 7
என்னால்தான். எனக்குத் தெரியும்.
போன மாதம் அடுப்பில் வலது கையைச் சுட்டுக்கொண்டபோது தக்ளியை இடது கையால் சுழற்றினேன். நூல் இடப்பக்கம் முறுக்கேறிவிட்டது. செத்தவர்களின் இடுப்பில் கட்டும் கயிற்றைத்தான் இங்கே அப்படி முறுக்குவார்கள். ஒரே ஒரு உருண்டை — யாருக்குத் தெரியப்போகிறது என்று மற்றவற்றோடு போட்டுவிட்டேன்.
சொன்னால் அத்தை என்னைக் கொன்றுவிடுவாள். சொல்லாவிட்டால்?
சற்றுமுன் பார்த்தேன். விரிப்பின் ஓரம் அம்மாவின் இடுப்பைச் சுற்றி ஏறியிருந்தது. அவளேதான் இழுத்துக்கொண்டாளா? விலக்கினேன். நனைந்ததுபோல் கனத்தது.

ஜூன் 8
சொல்லிவிட்டேன். அத்தை அடிக்கவில்லை. விரிப்பை வெயிலில் பிடித்து இழை இழையாக நகத்தால் தடவி, ஓரிடத்தில் நின்றாள்.
"நாலு விரக்கடை. நெய்யும்போது என் கண்ணு எங்க போச்சு?"
"பிரிச்சிடலாமா அத்தை?"
"பிரிச்சா உங்கம்மா வயித்துலதான் பிரியும். எரிச்சாலும் அதே கதிதான். வேற யாராச்சும் ஆசைப்பட்டு வாங்கிட்டுப் போகணும். நாளைக்குச் சந்தையில வாயத் தொறந்தே, தெரியும்!"

ஜூன் 9, ஞாயிறு
பேருந்திலிருந்து இறங்கிய ஒரு இளம்பெண் நேராக எங்களிடம் வந்தாள். முகத்தை விரிப்பில் புதைத்தாள்.
"எவ்ளோ மெத்துனு இருக்கு! யாரு நூத்தது?"
"இதோ, இந்த ஊமைதான்," என்று அத்தை சிரித்தாள்.
அந்தப் பெண் என் கன்னத்தைக் கிள்ளினாள். விரிப்பை அணைத்துத் தூக்கியபோது சால்வை விலகியது. நிறைமாத வயிறு.
அத்தையைப் பார்த்தேன். அவள் எங்கோ பார்த்தாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 10
"செனோ, ஓடி வாடி! உதைக்கிறான் பாரு, போக்கிரி!"
அம்மா என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உதைத்தான். மறுபடியும் உதைத்தான். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.
அந்தப் பெண் எந்த ஊர் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை.