பத்து மணிக் கையெழுத்து

கண்ணே அமுலு,

முதலில் பிள்ளைகள் சேதி. உன் மகன் கோபி மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் நானூறு மீட்டரில் இரண்டாவதாக வந்தான். முதலில் வந்தவன் ஷூ போட்டிருந்தான், இவன் வெறுங்கால். அதனால் என் கணக்கில் இவன்தான் முதல். உன் தம்பி ஏகாம்பரத்தின் மகள் நித்யா ஒன்றாம் வகுப்பிலேயே எழுத்துக் கூட்டாமல் பேப்பர் படிக்கிறாள். உன் மூத்தவள் யமுனாவுக்குச் செங்கல்பட்டில் நர்சிங் சீட்டு கிடைத்துவிட்டது. பிளஸ் டூ மார்க் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனாய். சீட்டு வந்தபோது நீ இல்லை.

அந்தப் பெருமையில் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உத்திரமேரூரில் ஃப்ளெக்ஸ் அடித்து, நம் ஊர் பஸ் நிறுத்தத்தில் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டினோம். ஆள் உயரத்துக்கு யமுனா படம். ஏகாம்பரம் அப்போதே கேட்டான். “காலேஜ் பேரு இன்னாத்துக்கும்மா?”

“போடுடா. பத்து பேரு படிச்சிட்டுப் போவட்டும்” என்றேன். ஐந்தாவதோடு நின்றவளுக்குப் பேத்தியின் காலேஜ் பெயரைப் பெரிய எழுத்தில் பார்க்க ஆசை.

ஒரு வாரம் கழித்து டீக்கடை சரோஜா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். “ஆயா, அவன் வெளிய வந்துட்டான். தாடி, மீசை எல்லாம் வழிச்சிக்கினு கீறான், குரலை வச்சித்தான் கண்டுபுடிச்சேன். உங்க பேனரைப் போன்ல போட்டோ எடுத்துக்கினான். பொண்ணு வளந்துடுச்சேன்னு சிரிக்கிறான்.”

அவன் பெயரை நான் எழுதமாட்டேன். வைகாசியில், பட்டப்பகலில், பம்புசெட்டருகே உன்னை வெட்டியவன். அதைக் கண்ணால் பார்த்தவள் யமுனா ஒருத்திதான். கோர்ட்டில் சொல்லவேண்டியவளும் அவள்தான். அவள் இருக்கும் இடத்தை நானே அவனுக்கு எழுதிக் காட்டியிருக்கிறேன், அமுலு. அன்றைக்கே அரிவாளால் அந்த ஃப்ளெக்ஸை அறுத்துப் போட்டேன். அறுத்து என்ன?

ஸ்டேஷனுக்குப் போனேன். “தொண்ணூறு நாளுல சார்ஜ் ஷீட் போடல ஆயா. பழைய இன்ஸ்பெக்டர் மாத்தலாயிட்டாரு, லேப் ரிப்போர்ட் வரல. கோர்ட்டு ஜாமீன் குடுத்துடுச்சி” என்றார் ஏட்டு. எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

தினம் காலை பத்து மணிக்கு இதே ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும் என்பது அவனுக்கு நிபந்தனை. அவன் தங்கியிருப்பது அக்கா வீட்டில். அங்கிருந்து வரும் பஸ் நம் ஊர் நிறுத்தத்தில் நின்றுதான் வரும். அவனைக் கட்டிப்போட எழுதிய உத்தரவுதான் தினமும் அவனை நம் வாசல் வழியாகக் கூட்டிவருகிறது. எழுதும்போது ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையா?

ஜாமீனை ரத்து செய்யுங்கள் என்று அரசு வக்கீலிடம் நின்றேன். ஸ்டேஷனிலிருந்து ரிப்போர்ட் வரவேண்டும் என்றார். ஸ்டேஷனில் கேட்டால், “ஒழுங்கா வந்து கையெழுத்து போடறானே, இன்னான்னு எழுதறது?” என்கிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். அது நாலு மேசை சுற்றி, அதே ஏட்டின் கைக்கே வந்து சேர்ந்தது.

போன வெள்ளிக்கிழமை அவன் ஹாஸ்டல் வாசலுக்கே போய்விட்டான். ஆதார் கார்டைக் காட்டி, நான்தான் அப்பா என்றிருக்கிறான். பொய் இல்லையே, வாட்ச்மேன் என்ன செய்வார்? நல்லவேளை, யமுனா வார்டு டூட்டிக்குப் போயிருந்தாள். வார்டன் போன் செய்ததும் ஓடினேன். ராத்திரி ஷிப்ட்டுக்காரரும் அவனைத் தெரிந்துகொள்ள ஒரு போட்டோ கொடுங்கள் என்றார் வாட்ச்மேன். நம்மிடம் இருப்பது உன் கல்யாணப் போட்டோ ஒன்றுதான். உன்னைக் கத்தரித்து எடுக்கக் கை வரவில்லை, அப்படியே நீட்டினேன். வாட்ச்மேன் உற்றுப் பார்த்துவிட்டு, “வந்த ஆளு இது இல்லம்மா” என்றார். மீசை இல்லாத அவன் முகம் எங்கள் யாரிடமும் இல்லை.

வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று யமுனாவைக் கெஞ்சினேன். “நான் இன்னாத்துக்கு ஆயா ஓடணும்? அம்மாவை இன்னா பண்ணான்னு நான்தானே சொல்லணும்” என்றாள். உன் பிடிவாதம்.

அதிலிருந்து தினமும் பத்து மணிக்கு முன்பே ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுகிறேன். அவன் இங்கே இருக்கும்வரை அவள் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த காவல். நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டு என் முன்னால் நின்றான். “யமுனா சௌக்கியமா அத்த?” என்றான். ஏட்டுக்கும் காதில் விழுந்தது. விசாரிச்சா தப்பா என்கிறார்.

இதையும் அந்தப் பெஞ்சிலிருந்துதான் எழுதுகிறேன். மணி பத்தே முக்கால். நோட்டு திறந்திருக்கிறது, இன்றைய தேதிக்கு நேரே அவன் கையெழுத்து இல்லை. “பஸ் லேட்டா இருக்கும், வருவான் ஆயா” என்கிறார் ஏட்டு. அதே பஸ்ஸில்தான் நான் வந்தேன். அதில் அவன் இல்லை. ஏகாம்பரம் பைக்கில் செங்கல்பட்டுக்குக் கிளம்பிவிட்டான். வார்டனிடம் பேசிவிட்டேன், யமுனா உள்ளேதான் இருக்கிறாள், கேட்டைப் பூட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை ஏகாம்பரம் ஊர் வாட்ஸ்அப்பில் போடுவான். இதையும் பத்து பேர் படிக்கட்டும். போலீசாரும் படிக்கட்டும். தினம் உங்கள் எதிரில் வந்து நின்றவனை ஒரு போட்டோ எடுக்க உங்களுக்கு என்ன உத்தரவு வேண்டும்? நம் நிறுத்தத்தில் அந்தச் சவுக்குக் கம்புகள் காலியாக நிற்கின்றன. என் பேத்தி முகம் இருந்த இடத்தில் அவனுடைய இப்போதைய முகத்தை ஒட்டுங்கள். ஹாஸ்டல் கேட்டிலும் ஒன்று.

அமுலு, நீ கேட்டுக்கொள். யமுனா சாட்சிக் கூண்டில் ஏறும் நாளில் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது நான். அதுவரைக்கும் இந்தப் பெஞ்சை விடமாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து,
மணி பதினொன்று. நோட்டில் அந்தக் கோடு இன்னும் காலி.